அப்பத்தா ஊருக்கு ஒரு டிக்கெட்!



செமஸ்டர் முடிஞ்சாச்சா? ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணி, ரெக்கார்ட் நோட்டை எல்லாம் எடைக்குப் போட்டு, அந்தக் காசுல டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டாச்சா? அடுத்து என்ன... வாட்ஸ்அப் குரூப்ல 'கோவா போலாமா மச்சி?' மெசேஜ் வந்திருக்குமே! கோவாவுக்கு பிளான் போடாத கேங்கும் கிடையாது, பிளான் போட்டபடி கோவா போன கேங்கும் கிடையாது. இது காலேஜ் உலகத்தின் மாறாத விதி.

அந்த பிளான் புஸ்ஸாகி, நீங்க சோபாவில் மல்லாக்கப் படுத்து ஃபேனை எண்ணிக்கிட்டு இருக்கிற நேரம் பார்த்து, அடுப்படியில இருந்து ஒரு குரல் வரும். "சும்மாதானே கிடக்க... ஊருக்குப் போய் அப்பத்தாவைப் பார்த்துட்டு வாயேன்டா."

அவ்வளவுதான். நம்ம முகம் அப்படியே எக்ஸாம் ஹால்ல அவுட் ஆஃப் சிலபஸ் கொஸ்டினைப் பார்த்த மாதிரி ஆயிடும். 'அங்க போய் என்ன பண்றது? சொந்தக்காரங்க வரிசையா வந்து எத்தனை அரியர்னு கேப்பாங்க. அப்பத்தா ரெண்டு இட்லி கேட்டா எட்டு இட்லி வைக்கும். போரும்மா!'

உங்களைக் குத்தம் சொல்ல வரலை பாஸ். நானும் இதே கட்சியில பொறுப்புல இருந்தவன்தான். எப்போ விலகினேன்னு சொல்றேன், கேளுங்க. உங்க அப்பத்தா ஊர் தஞ்சாவூரா இருக்கலாம், காரைக்குடியா இருக்கலாம், வந்தவாசியா இருக்கலாம். எனக்கு மதுரை. அதனால இந்த வாரம் மதுரைக் கதை.

கொடைரோட்டில் இறங்கியவன்!

2019, ஏப்ரல். நான் அப்போ சென்னையில ஃபைனல் இயர். மதுரையில சித்திரைத் திருவிழா. அந்த வருஷம் ஒரு விசேஷம்... ஏப்ரல் 18-ம் தேதி மீனாட்சி தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவும் ஒரே நாள். அதனால மதுரையில மட்டும் ராத்திரி 8 மணி வரைக்கும் ஓட்டுப் போட நேரம் கொடுத்தாங்க. ஒரு திருவிழாவுக்காக எலெக்‌ஷன் டைமையே மாத்தின ஊர்!

தாத்தா போன் பண்ணினார். "மறுநாள் அழகர் ஆத்துல எறங்குறாரு. வர்றியாய்யா? ஒரு தடவை என்கூட வந்து பாரு." தாத்தா வருஷா வருஷம் அழகருக்குத் தண்ணி பீய்ச்சுற வேண்டுதல்காரர். கொடியேத்துன நாள்ல இருந்து விரதம். சிவப்புத் துணியில ஜிகினா வெச்ச டிரெஸ், தலையில தலைப்பாகை, தோள்ல ஆட்டுத்தோல் பை. சின்ன வயசுல அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து, பயந்து போய்க் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கேன்.

"இந்த வருஷம் முடியாது தாத்தா. புராஜெக்ட் ரிவ்யூ இருக்கு. அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்."

ரிவ்யூ எல்லாம் ஒண்ணுமில்லை. கேங்கோட கொடைக்கானல் போனேன். அதுவும் எந்த வழியா? பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, விடிகாலையில கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கி! இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் அதே சீட்டுல தூங்கியிருந்தா மதுரை. சுமார் 40 கிலோமீட்டர்தான். நான் பேக்கை மாட்டிக்கிட்டு இறங்கிட்டேன். ரயில் தாத்தா ஊருக்குப் போயிடுச்சு.

அடுத்த வருஷம் வந்தது. 2020. என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். ஊரடங்கு. மீனாட்சி கல்யாணத்தை மக்கள் வீட்டுல உட்கார்ந்து டி.வி-யிலதான் பார்த்தாங்க. அழகர் மலையை விட்டு இறங்கி ஆத்துக்கு வரவே இல்லை. "நான் பொறந்து இப்படி ஒரு சித்திரையைப் பார்த்ததில்லைய்யா"ன்னு தாத்தா போன்ல சொன்னார். அந்த நவம்பர்ல அவர் தவறிட்டார். 2021-லயும் அழகர் ஆத்துக்கு வரலை.

'அடுத்த வருஷம்'கிறது காலண்டர் கடையில விக்கிற பொருள்னு நினைச்சிருந்தேன். நாம கேட்கிறப்போ எல்லாம் கிடைக்காதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

மாசத்தைச் சொன்னா வழி!

2022, ஏப்ரல் 12. இந்தத் தடவை கொடைரோட்டில் நான் கண்ணையே திறக்கலை. மதுரை ஜங்ஷன்ல இறங்கி ஆட்டோ பிடிச்சு, சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கிற வீட்டு வாசல்ல போய் நின்னேன். கோலம் போட்டுக்கிட்டு இருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்துச்சு. "வந்துட்டியாய்யா... என்னா இப்புடி எளைச்சுப் போய்ட்ட?" 78 கிலோ இருந்தேன். அப்பத்தாக்களின் எடை மெஷினே வேற மக்களே!

நடுவீட்டுச் சுவத்துல தாத்தா போட்டோ. பக்கத்து ஆணியில காய்ஞ்சு சுருங்கின தோல் பை. நான் அதைப் பார்த்தேன். அப்பத்தா என்னைப் பார்த்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. "வெள்ளன வந்த புள்ள, போய்ப் பல்லை வெளக்கு"ன்னுச்சு.

குளிச்சு முடிச்சதும் கோயிலுக்குக் கிளம்பினோம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போக முடியாது. 2018, பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. வாசல்ல போனைக் கொடுத்துட்டு டோக்கன் வாங்கினப்போ, கையில ஏதோ ஒரு விரல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆனா, விவரம் தெரிஞ்ச நாளா அப்பத்தாகூட ரெண்டு மணி நேரம் போன் இல்லாம இருந்தது அன்னைக்குத்தான்.

அப்பத்தா நாலாங் கிளாஸ்தான். ஆனா, அது சொல்லித் தந்த ஜியாக்ரஃபி எந்த கிளாஸ்லயும் கேட்டதில்லை. "வழி தெரியலைன்னு பயப்படாத. மாசத்தைச் சொன்னா வழி வந்துரும். கோயிலுக்குள்ள ஆடி வீதி. வெளிய வந்தா சித்திரை வீதி. அங்கிட்டு ஆவணி மூல வீதி. அதையும் தாண்டுனா மாசி வீதி. எல்லாத்துக்கும் கடைசியில வெளி வீதி. தாமரைப்பூ இதழ் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு!"

வெளி வீதி இருக்கிற இடத்தை ஒட்டித்தான் ஒரு காலத்துல கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. 1840-கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன், நெரிசல்ல ஊர் மூச்சு முட்டுதுன்னு கோட்டையை இடிக்கச் சொல்லி, இடிச்ச இடத்தை மக்களுக்கே வீடு கட்டக் கொடுத்தார். அந்த வேலையைப் பார்த்தவங்க பேருலதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்னைக்கும் இருக்கு. ஒரு வெள்ளைக்கார சர்வேயரும் நம்ம ஊர் மேஸ்திரியும் அடுத்தடுத்த தெருவா நிக்கிறாங்க. பிளாக்பர்ன் நினைவா வெச்ச விளக்குதான் 'விளக்குத்தூண்'. இப்போ அது பஸ் ஸ்டாப் பேரு!

பொற்றாமரைக் குளத்துப் படியில உட்கார்ந்தோம். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரத்துல நிக்குது. "இந்தப் படியிலதான் உங்க தாத்தா என்னைப் பொண்ணு பார்த்தாரு"ன்னு அப்பத்தா சொல்லிச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். 80 வயசு முகத்துல வெட்கம்! இந்தச் செய்தி எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது. ஏன்னா, யாரும் கேட்கலை.

வெளியே வர்றப்போ இன்னொரு விஷயம் சொல்லிச்சு. "எங்கப்பா காலத்துல எல்லாரும் இங்க உள்ள வந்துர முடியாதுய்யா. சாதியைச் சொல்லி வாசல்லயே நிப்பாட்டிருவாங்களாம்." ஆமா மக்களே... 1939, ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போன பிறகுதான் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்துச்சு. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து செல்ஃபி எடுக்கிறப்போ, வாசலையும் ஒரு நிமிஷம் பார்த்துட்டு வாங்க.

டவுசர் பாக்கெட் காசுக்கு ராஜ விருந்து

வரலாறு போதும், பசிக்குதுங்கிறீங்களா? வாங்க.

மதுரையில சாப்பாட்டுக்கு டைம் டேபிள் உண்டு. சாயங்காலம் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவெச்சு ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிக் காய்ச்சுறது. தொண்டையில இறங்குறப்போவே சளி சலாம் போடும். வெயில் ஏறிட்டா ஜிகர்தண்டா. காய்ச்சிச் சுண்டின பாலு, ஊறிப் பொங்கின பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் ரோட்டோரமா நின்னு குடிக்கிறதுதான் முறை. உட்கார்ந்து குடிச்சா ருசி பாதியாயிடும்னு என் பெரியப்பா சத்தியம் பண்ணுவார்.

ராத்திரி கறிதோசை. அடியில தோசை, நடுவுல முட்டை, மேல கொத்துக்கறி... மூணு மாடிக் கட்டடம். சிம்மக்கல் கோனார் மெஸ்ல இதுக்குன்னே கூட்டம் நிக்கும். பக்கத்து மேசையில பன் பரோட்டா, சால்னா, சுக்கா. 'தூங்கா நகரம்'னு சும்மாவா சொன்னாங்க? சங்க காலத்துலயே இந்த ஊர்ல பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரி கடைக்கு அல்லங்காடின்னு தனித்தனிப் பேர் இருந்திருக்கு. மாங்குடி மருதனார் எழுதின மதுரைக்காஞ்சி அதுக்கு சாட்சி. ஆக, நைட் ஷோ முடிஞ்சு இட்லி தேடுற பழக்கம் நம்ம ஜெனரேஷன் கண்டுபிடிச்சது இல்லை பாஸ், ரெண்டாயிரம் வருஷப் பரம்பரைச் சொத்து!

ஒரே ஒரு எச்சரிக்கை. வெளியில நீங்க என்ன சாப்பிட்டாலும் வீட்டுல வந்து "பசிக்கலை"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அயிரை மீன் குழம்பு வெச்சுக் காத்திருந்த அப்பத்தா, "ஆமா, எங் கைப்பக்குவம் இனிமே எங்க பிடிக்கப் போகுது"ன்னு சொல்லும் பாருங்க... அந்த ஒரு டயலாக்குக்கு ரெண்டு தட்டுச் சோறு எக்ஸ்ட்ராவா உள்ளே போயிடும்.

பெரியப்பாவின் டி.வி.எஸ். 50

மறுநாள் பெரியப்பா டியூட்டி. அவரோட டி.வி.எஸ். 50 பின்னாடி உட்கார்ந்து, முழங்காலைத் தாடைக்கிட்ட வெச்சுக்கிட்டு ஊர் சுத்தினேன்.

முதல்ல மேலமாசி வீதி. 1921, செப்டம்பர் 22-ம் தேதி காந்தி, சட்டை, தொப்பி எல்லாத்தையும் விட்டுட்டு அரையாடைக்கு மாறினது இந்த வீதியில இருக்கிற ஒரு வீட்டுலதான். ஏழை விவசாயிக்கு இல்லாத துணி எனக்கெதுக்குன்னு அவர் எடுத்த முடிவு. உலகம் அவரை ஞாபகம் வெச்சிருக்கிற அந்தத் தோற்றம் நம்ம ஊர்ல பிறந்தது. 1948-ல சுடப்பட்டப்போ அவர் கட்டியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி, தமுக்கம் பக்கத்துல இருக்கிற காந்தி மியூசியத்துல இருக்கு. அது ராணி மங்கம்மாள் அரண்மனையா இருந்த கட்டடம். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால சத்தமா பேசிக்கிட்டு வந்த ஸ்கூல் பசங்ககூட அமைதியாயிட்டாங்க.

அடுத்து திருமலை நாயக்கர் மகால். 1636-ல கட்டினது. இப்போ நாம வாய் பிளந்து பார்க்கிறது, அவர் கட்டினதுல கால்வாசிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்துல பெரும்பகுதியைப் பிரிச்சு திருச்சிக்குக் கொண்டு போயிட்டாங்க. மிச்சம் இருக்கிற தூண் ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. ஆனா அந்தத் தூண்கள்ல என்ன இருந்துச்சு தெரியுமா? ஆணியால கீறின ஹார்ட்டு. அதுக்குள்ள அம்பு. ரெண்டு பக்கமும் இனிஷியல். பெரியப்பா ஒண்ணும் சொல்லலை. கர்ச்சீப்பால அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குத்தான் குறுகிப் போச்சு. கீறினது கண்டிப்பா 60 வயசுக்காரர் இல்லையே மக்களே!

டவுனைத் தாண்டினா ரெண்டு பக்கமும் கண்மாய், பனைமரம், வாழைத்தோப்பு. முல்லைப் பெரியாறு அணை 1895-ல வந்து, அந்தத் தண்ணி வைகையில கலந்து மேலூர் வரைக்கும் பாய்ஞ்ச கதையை வண்டிச் சத்தத்தையும் மீறிப் பெரியப்பா கத்திக் கத்திச் சொன்னார். சமணர் மலைக்குப் போனோம். கீழக்குயில்குடி பக்கம். அடிவாரத்துல அய்யனார் கோயில், தாமரைக் குளம். மேல ஏறினா பாறையில செதுக்கின தீர்த்தங்கரர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இங்கே சமணப் பள்ளி நடந்திருக்கு. நம்ம காலேஜுக்கு எல்லாம் சீனியர் கேம்பஸ்!

அங்கிருந்து கீழடி. மதுரையில இருந்து 12, 13 கிலோமீட்டர்தான், ஆனா சிவகங்கை மாவட்டம். நான் போனப்போ தென்னந்தோப்புக்கு நடுவுல சதுரம் சதுரமா குழிகள்தான். 2023, மார்ச்ல அங்கே அருமையான அருங்காட்சியகம் திறந்துட்டாங்க. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, விளையாட்டுக் காய்கள் எல்லாம் பார்க்கலாம். என்னை நிறுத்தினது பானை ஓடுகள். 'ஆதன்', 'குவிரன்'னு தமிழ் பிராமியில பேர் கீறியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால ஒருத்தர், 'இது என் பானை, கை வைக்காதே'ங்கிற மாதிரி, தன் பேரைத் தன் பானையில கீறி வெச்சிருக்கார். கவனிங்க பாஸ்... தன் பானையில. நாயக்கர் மகால் தூண்ல இல்லை!

அலங்காநல்லூர் பக்கம் போனா, அது நம்ம ஏரியா. 2014-ல ஜல்லிக்கட்டுக்குத் தடை. 2017, ஜனவரியில மெரினாவுல ஆரம்பிச்சு மதுரை தமுக்கம், அலங்காநல்லூர்னு தெருவுல உட்கார்ந்தது யாரு? காலேஜ் பசங்க. வைகைப் பாலத்துல ரயிலே நாள் கணக்கா நின்னுச்சு. அந்த மாசமே தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தினாங்க. 2023, மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. மாடு பிடிக்கிறதை ஏத்துக்கிறவங்களும் இருக்காங்க, ஏத்துக்காதவங்களும் இருக்காங்க. உங்க கருத்து உங்களுது. ஆனா, ஒரு தடவையாவது அந்த ஊர்ல ஒரு மாட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசிட்டு அப்புறம் கருத்து சொல்லுங்களேன்.

மீனாட்சிக்கு மொய்!

ஏப்ரல் 14. மீனாட்சி கல்யாணம். ரெண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த மாதிரி ஊர் முழுக்க ஒரு காத்து. பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாத்திக்கிறாங்க. கல்யாணச் சாப்பாடு நடக்குது. சாப்பிட்டுட்டு ஜனங்க மொய் எழுதுறாங்க! ஆமா பாஸ், சாமிக்கு மொய் எழுதுற ஊர் இது. ஏன்னா, இவங்களுக்கு மீனாட்சி சாமி மட்டும் இல்லை, வீட்டுப் பொண்ணு.

தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர்மலையில இருந்து அண்ணன் கிளம்பி வர்றாரு. வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுடுது. கோவிச்சுக்கிட்டு ஆத்துல இறங்கி அப்படியே வண்டியூருக்குத் திரும்பிடுறாரு. இது மக்கள் சொல்ற கதை. வரலாறு வேற சொல்லுது. மாசி மாசம் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில நடந்த அழகர் விழாவையும் 17-ம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் ஒண்ணாச் சேர்த்தார்ங்கிறாங்க. கோயிலுக்குள்ள சைவம், ஆத்துல வைணவம், ரெண்டுக்கும் நடுவுல சுத்துப்பட்டு கிராமத்து ஜனம் அத்தனையும். மன்னர் போட்ட முடிச்சை மக்கள் உறவுமுறை சொல்லி இன்னும் இறுக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு லேட்டா வந்து கோவிச்சுக்கிட்டுப் போற தாய்மாமன் இல்லாத வீடு நம்ம ஊர்ல எங்க இருக்கு சொல்லுங்க?

குடம் தூக்கியவன்

ஏப்ரல் 15 ராத்திரி எதிர்சேவை. தல்லாகுளத்துல நிக்க இடமில்லை. செம்புல சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால மூடி, மேல சூடம் ஏத்தி வரிசையா நிக்கிறாங்க. மறுநாள் விடிகாலை தங்கக் குதிரையில அழகர் வைகையில இறங்கினார். அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள போக வேணாம்னு பெரியப்பா முதல்லயே சொல்லிட்டார். அது எவ்வளவு சரின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த விடிகாலை நெரிசல்ல சிக்கி ரெண்டு பேர் இறந்துட்டாங்க. சாமி பார்க்க வந்தவங்க வீடு திரும்பலை. அதனால சொல்றேன், முண்டியடிச்சுப் போறது வீரம் இல்லை. பாலத்துல இருந்து பாருங்க, மண்டகப்படியில பாருங்க. நூத்துக்கணக்கான மண்டகப்படியில அழகர் நின்னு நின்னுதான் போவார்.

நாங்க ராமராயர் மண்டபம் பக்கம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுத் திண்ணையில அப்பத்தாவை உட்கார வெச்சோம். அங்கேதான் தண்ணி பீய்ச்சுவாங்க. சித்தப்பா பையன், என்னை விட 4 வயசு சின்னவன், தாத்தாவோட டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு, தாத்தாவோட தோல் பையை மாட்டிக்கிட்டு நின்னான். கொடியேத்துன நாள்ல இருந்து அவன் விரதம். எண்ணெய் போட்டுப் பதப்படுத்தின பை மறுபடியும் உப்பி நின்னுச்சு.

அந்தப் பையை நான் மாட்டணும்னு எனக்கு ஆசை வந்தது உண்மை. மூத்த பேரன் நான்தானே? ஆனா கேட்க வாய் வரலை. விரதம் இருந்தது அவன். கூப்பிட்டப்போ எல்லாம் தாத்தாகூட வந்தது அவன். நான் கொடைரோட்டில் இறங்கியவன்.

"அண்ணே, தண்ணி தீர்ந்துருச்சுண்ணே!"

குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவன் பீய்ச்சப் பீய்ச்ச, நான் நிரப்ப நிரப்ப... சட்டை, பேன்ட், கால்ல மிதிபட்ட செருப்பு எல்லாம் நனைஞ்சு, வெயில்ல காய்ஞ்சு, மறுபடி நனைஞ்சு, எத்தனை குடம்னு கணக்கு இல்லை.

அழகர் கடந்து போனதும் அப்பத்தா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். முந்தானையால என் தலையைத் துவட்டிவிட்டுக்கிட்டே சொல்லிச்சு: "உங்க தாத்தாவும் மொதல் வருசம் குடம்தாய்யா தூக்குனாரு."

மக்களே... எனக்கு அதுக்கு மேல அன்னைக்கு ஒண்ணும் பேச வரலை.

இந்த வார ஹோம்வொர்க்

சரி, இப்போ உங்க டர்ன். இந்த லீவுல ஊருக்குப் போங்க. போறதுன்னா, அங்கேயும் மூலையில உட்கார்ந்து சார்ஜர் தேடுறது இல்லை. அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா, பெரியம்மா... யார் இருக்காங்களோ அவங்ககிட்ட மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: 'நீங்க என் வயசுல இந்த ஊர்ல எங்கே சுத்துனீங்க?' ரெண்டு: 'அப்போ இருந்து இப்போ இல்லாத இடம் எது?' மூணு: 'என்கூட ஒருக்கா எங்கேயாவது போகணும்னா எங்கே போவீங்க?'

மூணாவது கேள்விக்கு என்ன பதில் வருதோ, அங்கே மறுநாளே கூட்டிட்டுப் போயிடுங்க. அடுத்த லீவுக்கு ஒத்திப் போடாதீங்க. போன்ல ரெக்கார்டர் இருக்கு இல்லையா, கடலை போடுறதுக்கு மட்டும்தான் போனா? அவங்ககிட்ட சொல்லிட்டு ஆன் பண்ணி வெச்சுக்கோங்க. கதை மட்டும் இல்லை, அந்தக் குரலும் பின்னாடி வேணும். என்கிட்ட தாத்தா குரல் இல்லை.

சொந்தக்காரங்க அரியர் பத்திக் கேட்டா கேட்கட்டும். நம்பரைச் சொல்லிட்டு, "நீங்க எத்தனை வெச்சிருந்தீங்க மாமா?"ன்னு திருப்பிக் கேளுங்க. அவர் டாப்பிக்கை மாத்தலைன்னா என்னைக் கேளுங்க! ஊருக்குப் போனா படிப்பு கெட்டுடும்னு சாக்குச் சொல்றவங்களுக்கும் வழி இருக்கு... 2023, ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரை நத்தம் ரோட்டுல ஜில்லுனு காத்திருக்கு.

நான் இப்போ வருஷா வருஷம் சித்திரைக்குப் போயிடுறேன். பை இன்னும் தம்பிகிட்டதான். நான் குடம்தான். அப்பத்தாவுக்குக் கண் கொஞ்சம் மங்கிடுச்சு, திண்ணைக்குத் தூக்கிட்டுத்தான் போறோம். தண்ணி மேல படுறப்போ மட்டும், "எம் பேரன் ஊத்துன தண்ணி"ன்னு கரெக்டா சொல்லிடுது.

டிக்கெட் போட்டாச்சா? ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க... கொடைரோட்டில் இறங்கிடாதீங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம் மக்களே!